பகடையை எடுத்துவிட்டால் பழி யார்மேல் விழும்?

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயிலை ஒட்டிய கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறார். பத்து வயதிலிருந்து பதினான்கு வயது வரை எட்டுப் பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதைக்குள் இறங்கி ஆடும் மேசை விளையாட்டு ஒன்றைச் சொந்தமாக உருவாக்க ஆசைப்படுகிறார். ஆனால் பகடை கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். "பகடை இல்லாமல் எது நடக்கும், எது நடக்காது என்று எப்படி முடிவு செய்வது அக்கா? விதி எளிமையாக இருக்கணும், செலவும் கூடாது" என்பது அவருடைய கேள்வி.

தம்பி, பெரியவர்கள் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் ஊர் பகோடாத் திருவிழாக்களில் யானை, புலி, மீன் என்று ஆறு விலங்குப் படம் போட்ட பகடையை உருட்டி வாரக்கூலியைத் தொலைத்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். டூ டி என்ற இரண்டிலக்கச் சூதாட்டத்தின் எண்ணைப் பேசாத டீக்கடை ஒன்று ரங்கூனில் இருந்தால் எனக்கும் காட்டுங்கள். இதற்கு மேல் சகுனி கதை வேறு இருக்கிறது. பகடை என்றதும் நம் வீடுகளில் முகம் சுளிக்காமல் எப்படி இருக்கும்?

ஆனால் முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு ஆகாதது பகடையா, தற்செயலா? இரண்டும் ஒன்றில்லை. அதே கோயிலில் ஒரு கல்யாணப் பேச்சு இழுத்துக்கொண்டே போனால், சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக மடித்துப் போட்டு, ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பூக்கட்டிப் பார்ப்பதும் தற்செயல்தானே. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்ததும் குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கித்தான். 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதைத்தான் சொல்கின்றன. ஆகவே பகடை என்ற பொருள் மட்டும்தான் தடை என்றால் உங்கள் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு சீட்டு எழுதி டப்பாவில் போடுங்கள், ஒன்றை எடுங்கள், பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். உருளாத பகடை, அவ்வளவுதான்.

நீங்கள் அதற்கு மேல் எதையோ தேடுகிறீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

இந்த வகை விளையாட்டுக்கு வழிபோட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது. போர்ப்படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் விளையாட்டுகளிலிருந்து பிறந்ததால் பகடையும் கூடவே வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்களில் பாதிப் பேர், பகடை ஏன் இருக்கிறது என்று யோசிக்காமலே வைத்துக்கொண்டார்கள். மீதிப் பேரில் சிலர், அது ஏன் இருந்தது என்று யோசிக்காமலே தூக்கிப் போட்டார்கள். நான் இரண்டாவது கூட்டத்தில் மாட்டியவள்.

பகடை என்ன செய்கிறது என்று உட்கார்ந்து பார்த்தால், அடுத்தது என்ன என்று யாருக்கும் தெரியாமல் வைக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த வேலை. உருளும் அந்த இரண்டு விநாடி எல்லோரையும் மூச்சைப் பிடிக்க வைக்கிறது. இதுவும் தெரிந்ததுதான். கண்ணுக்குத் தெரியாமல் அது செய்யும் இன்னொரு வேலை, பழியைத் தன்மேல் வாங்கிக்கொள்வது. பையன் ஆற்றில் விழுந்தால் "ஒன்று விழுந்துடுச்சு" என்று பகடையைத் திட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுவான். யார்மேலும் கோபம் இருக்காது.

நான் சில வருடங்களுக்கு முன் ரங்கூனில் ஒரு வீட்டு மாடியில், மின்சாரம் போன மாலைகளில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வைத்து இதைத் தொடங்கினேன். பகடையை எடுத்துவிட்டு, "நீங்க என்ன செய்றீங்கன்னு சொல்லுங்க, அது நடக்குமா இல்லையான்னு நான் சொல்றேன்" என்றேன். மூன்றாவது மாலையே ஒரு பையன் எழுந்து, "அக்காவுக்கு அவளைத்தான் பிடிக்கும், அதனால அவ குதிச்சா தாண்டுறா, நான் குதிச்சா விழுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னது பொய் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. அவள் நன்றாக வருணித்துச் சொல்வாள், எனக்குக் கேட்க இனிமையாக இருக்கும், தலையாட்டிவிடுவேன். பகடை இருந்திருந்தால் என் பட்சபாதம் வெளியே வந்திருக்காது.

ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். பகடை இல்லாத மேசையில் ஒரு பிள்ளைக்குக் கெட்டது நடந்தால், அது யார் செய்ததாக அந்தப் பிள்ளை நினைக்கும்? "ஆசிரியர் செய்தது" என்பது பதிலாக வந்தால் விளையாட்டு தோற்றுவிட்டது. "நானே தெரிந்து எடுத்த முடிவு" என்று வந்தால் பகடை தேவையே இல்லை.

இதை வேறு வேறு விதமாகச் செய்து பார்த்தவர்கள் உண்டு. எரிக் வுஜிக் 1991இல் வெளியிட்ட ஆம்பர் விளையாட்டில் ஆளுக்கு 100 புள்ளி. மனவலிமை, உடல்பலம், தாங்கும் திறன், போர்த்திறன் என்ற நான்கையும் ஆட்டத்துக்கு முன்பே ஏலம் விட்டுவிடுவார்கள். போர்த்திறனில் அதிகம் கேட்டவன்தான் முதலாவது. நேருக்கு நேர் வாளெடுத்தால் இரண்டாவது ஆள் அவனை ஜெயிக்க முடியாது. கேட்டதும் சப்பென்று இருக்கிறது, இல்லையா? ஆனால் நடப்பது வேறு. தோற்பது நிச்சயம் என்று தெரிந்தவன் நேருக்கு நேர் போக மாட்டான். இருட்டில் இழுப்பான், பேச்சில் மடக்குவான், எதிராளி களைக்கும்வரை ஓடவிடுவான். சண்டை எங்கே நடப்பது என்பதுதான் சண்டையாகிவிடுகிறது. நம் ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிக்கு எதிரே பதினைந்து ஆடு நிற்கிறதே, அதே சங்கதி. எல்லாக் காயும் கண் முன்னால் இருக்கிறது, உருட்ட எதுவும் இல்லை. அப்படியும் முடிவு தெரிவதில்லை, ஏனென்றால் எதிரே இருப்பவரின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது.

2005இல் வந்த ட்ரெட் என்ற திகில் விளையாட்டில் பகடைக்குப் பதில் மரக்கட்டைக் கோபுரம். ஆபத்தான காரியம் செய்ய ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவரின் பாத்திரம் கதையிலிருந்து போய்விடும். பயம் காட்டுவதற்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் எட்டுப் பிள்ளைகள் குறுக்கே ஓடும் கோயில் கூடத்தில் அந்தக் கோபுரம் எத்தனை நிமிடம் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

எனக்குக் கைகொடுத்தது இவை இரண்டும் இல்லை. ஒரு நாள் பிள்ளைகள் மூலையில் உட்கார்ந்து புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி "ஒத்தையா, இரட்டையா?" ஆடிக்கொண்டிருந்தார்கள். மூடிய கை. உள்ளே எத்தனை என்று மூடியவனுக்குத் தெரியும், எதிராளிக்குத் தெரியாது. திறக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். திறந்தபின் யாரையும் குறை சொல்ல முடிவதில்லை. பகடையின் வேலைகள் எல்லாமே அந்தக் கைக்குள் இருந்தன. அதிலிருந்து செய்த விளையாட்டுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தோம். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள், பெயரைக்கூட மாற்றலாம்.

கதைக்களம் 1942. இதைப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து, லட்சக்கணக்கான நம் ஆட்கள் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். சிலர் ப்ரோம் போய், ஐராவதியைத் தாண்டி, தவுங்கப் கணவாய் வழியாக அரக்கான் கடற்கரைக்கு இறங்கினார்கள். சிலர் மாந்தலே போய், சிந்த்வின் ஆற்றைப் பிடித்துக் கலேவா, தாமு, பலேல் என்று மலையேறி இம்பாலுக்குப் போனார்கள். என் பாட்டி ப்ரோம் வரை நடந்துவிட்டுத் திரும்பியவர். அதனால்தான் நாங்கள் இன்னும் இங்கே இருக்கிறோம். நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் இப்படி ஒரு பாதிக்கதை இருக்கும். மீதிப் பாதியைக் கேட்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

கதை நடத்துபவரை எங்கள் பிள்ளைகள் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். 'நடத்துநர்' என்று எழுதினால் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் பஸ்ஸில் டிக்கெட் கேட்பார்கள்.

ஆளுக்கு ஒரு தாள். அதில் பெயர், ஒரு தொழில், ஒரு வம்பு, மூட்டையில் ஐந்து பொருள். தொழில் என்றால் கொத்தனார், அரிசி மில் கணக்குப்பிள்ளை, படகு தள்ளுபவர், மருத்துவச்சி, பர்மிய மொழி தண்ணீர்பட்ட பாடாகப் பேசும் பையன், இப்படி. வம்பு என்றால் அந்த ஆளுக்கு எப்போதும் தலைவலி கொண்டுவரும் குணம்: வாய் நீளம், இருட்டுப் பயம், யார் அழுதாலும் நின்றுவிடுவது. ஐந்து பொருளும் வெறும் பொருளாக இருக்கக் கூடாது. 'குடம்' என்று எழுதினால் மேஸ்திரி ஒத்துக்கொள்ளக் கூடாது. 'அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைக் குடம்' என்று எழுத வேண்டும். ஒரு பொருளை இழக்கும்போது வலிக்க வேண்டுமானால் அதற்கு முன்கதை இருந்தாக வேண்டும். தாளுடன் ஆளுக்கு ஏழு புளியங்கொட்டை. நடுவில் ஒரு கிண்ணத்தில் பத்து.

இனி விதி. உங்கள் தொழிலுக்குள் வரும் காரியம் என்றால் அது நடந்துவிடும். கேள்வியே கிடையாது. கொத்தனார் சுவர் ஏறுகிறார் என்றால் ஏறிவிட்டார். இதை முதல் முறை கேட்ட பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். பகடை விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்கு, கெட்டிக்காரனும் பாதி நேரம் வழுக்கி விழுவான் என்பது மனதில் பதிந்துபோயிருக்கிறது.

தொழிலுக்கு வெளியே உள்ள ஆபத்தான காரியம் என்றால், "நடக்குமா, நடக்காதா" என்று மேஸ்திரி சொல்ல மாட்டார். விலையைச் சொல்வார். நடக்கும், ஆனால் இவ்வளவு ஆகும். விலை மூன்று வகை: மூட்டையிலிருந்து ஒரு பொருள், அல்லது கொட்டை, அல்லது நாள். நாள் என்பது எல்லோருக்கும் பொது. சிலேட்டில் பன்னிரண்டு கோடு போட்டு வையுங்கள். (உங்களுக்குச் சிலேட்டுக்குப் பஞ்சம் இருக்காது, எதிரே பிலு தீவிலேயே செய்கிறார்கள்.) தாமதம் ஆகும்போதெல்லாம் ஒரு கோடு அழியும். பன்னிரண்டும் அழிந்தால் மழைக்காலம் பிடித்துவிட்டது, அதற்கப்புறம் எல்லா விலையும் இரட்டிப்பு. நடந்தவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. மே மாத மழை இறங்கியபின் மலைப்பாதை சேறாகிப்போனது, கபாவ் பள்ளத்தாக்கில் மலேரியா.

விலையைச் சொன்னதும் பிள்ளை மூன்றில் ஒன்றைச் செய்யலாம். கொடுக்கலாம், பின்வாங்கலாம், பேரம் பேசலாம். பேரம்தான் இந்த விளையாட்டின் உயிர். மார்க்கெட்டில் அம்மாவின் முந்தானையைப் பிடித்து நின்ற எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன்.

கலேவாவுக்கு முன்னால் ஆற்றங்கரை. மருத்துவச்சி வேடத்தில் இருந்த பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. கூட வந்தவர்களை அக்கரை சேர்க்கப் படகுக்காரனிடம் பேசப் போகிறாள்.

"படகுக்காரன் உன் பித்தளைக் குடத்தைப் பார்க்கிறான். குடம் ஒண்ணு, இல்லேன்னா மூணு கொட்டை, இல்லேன்னா நாளை மறுநாள் வரைக்கும் காத்திருக்கணும், ரெண்டு கோடு" என்றேன்.

"குடம் அம்மாவோடது. தர மாட்டேன்."

"சரி, மூணு கொட்டை?"

"அக்கா, அவனுக்குப் பொண்டாட்டி இருக்கா?"

நான் யோசிக்கவே இல்லை. "இருக்கா" என்றேன்.

"மாசமா இருக்காளா?"

மேசையே சிரித்துவிட்டது. மருத்துவச்சிக்குப் பிரசவம் பார்ப்பது தொழில். தொழிலுக்குள் வந்தால் விலை கிடையாது. நானே போட்ட விதியில் என்னையே மடக்கிவிட்டாள். ஒரு கோடு மட்டும் அழித்தேன், ஒரு ராத்திரி தங்கிப் பிரசவம் பார்த்ததற்கு. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கூட்டமாகச் சண்டை போட்டதில் கால்மணி நேரம் போனது. எந்தப் பகடையும் எனக்கு அந்தக் குழந்தையைத் தந்திருக்காது.

பேரத்துக்கு ஒரு எல்லை வையுங்கள்: ஒரு காரியத்துக்கு ஒரு முறைதான் மாற்றுவிலை சொல்லலாம். மேஸ்திரி ஒத்துக்கொள்ளாவிட்டால் முதல் விலையேதான். இல்லையென்றால் உங்கள் ஒன்றரை மணி நேரமும் ஆற்றங்கரையிலேயே முடிந்துவிடும். மற்றவர்கள் பங்கு போட்டு விலை கொடுக்கலாம், அதைத் தடுக்காதீர்கள். எவன் எவனுக்காகக் கொடுக்கிறான் என்பதில்தான் கதை நகர்கிறது. அப்புறம், விலை எப்போதும் காரியத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லப்பட வேண்டும். செய்தபின் "ஐயோ, உன் குடம் உடைஞ்சுபோச்சு" என்று சொல்வது மேஸ்திரிக்குத் தடை. நான் போட்ட விதிகளில் எதையாவது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அந்தப் பையன் எழுந்து போனானே, அவனைத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்தது இந்த ஒரு விதிதான்.

இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் எதிர்த்தால் மூடிய கை. எந்தப் பாதையில் போவது, கடைசி அரிசியை யார் வைத்துக்கொள்வது, இப்படி. இருவரும் வேண்டிய அளவு கொட்டையைக் கைக்குள் மறைத்து ஒன்றாகத் திறக்க வேண்டும். அதிகம் வைத்தவர் சொன்னது நடக்கும். ஆனால் அவர் வைத்த கொட்டை முழுவதும் தோற்றவருக்குப் போகும். தோற்றவர் தன்னுடையதைத் தானே வைத்துக்கொள்வார். சமமாக இருந்தால் இருவர் நினைத்ததும் நடக்காது. இடப்பக்கம் இருப்பவர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். இன்று ஜெயித்தவன் நாளைக்கு ஏழை, தோற்றவன் கையில் நாளைக்குக் காசு. தோற்ற பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது பாதியாகக் குறைந்தது.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. பத்து வயதுப் பொடியன் ஒருவன் கண்டுபிடித்தான். ஒவ்வொரு முறையும் வெறுங்கையை மூடிக்காட்டினான், தோற்றான், எதிராளியின் கொட்டையை எல்லாம் வாங்கிக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் அவன் கையில் பத்தொன்பது. கடைசிக் கட்டத்தில் மொத்தக் கதையையும் விலைக்கு வாங்கிவிட்டான். பெரியவனானதும் வட்டிக்கடை வைப்பான் என்று அவன் அப்பாவிடம் சொன்னேன், அவருக்கு அது பிடிக்கவில்லை. மறுவாரம் விதியில் ஒரு வரி சேர்த்தேன்: வெறுங்கை வைத்துத் தோற்றால் எதுவும் கிடைக்காது, ஜெயித்தவர் கொட்டை கிண்ணத்துக்குப் போகும். ஒன்றாவது வைத்தால்தான் வாங்கலாம். அவன் அப்புறம் ஒன்று ஒன்றாக வைத்தான். ஆனால் எதிராளிகள் அதற்குள் இரண்டு வைக்கப் பழகியிருந்தார்கள்.

கொட்டை தீர்ந்துபோனால்? அதற்குத்தான் வம்பு. உங்கள் பாத்திரத்தின் வம்பை நீங்களே இழுத்துவிட்டு எல்லோரையும் சிக்கலில் மாட்டிவிட்டால் கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டை எடுத்துக்கொள்ளலாம். வாய் நீளமான கணக்குப்பிள்ளை சிப்பாயிடம் எதிர்த்துப் பேசினால் ஒரு கொட்டை. கூச்சமுள்ள பிள்ளைகள் இதில்தான் முதலில் வாயைத் திறந்தார்கள். தப்பு செய்யச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுத்தால் யார் விடுவார்கள்? கொடுத்த விலையெல்லாம் கிண்ணத்துக்குத்தான் போகிறது, அதனால் கிண்ணம் காலியாகாது.

ஏன் ஏழு கொட்டை என்றால், பத்து வைத்துப் பார்த்தேன், யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை. ஐந்து வைத்தேன், எல்லோரும் கஞ்சர்களாகி எதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் மேசைக்கு ஆறோ எட்டோ சரியாக வரலாம்.

இப்போது ஒரு சங்கடமான இடம். ஒரு மாணவி, பதினான்கு வயது, ஆட்டம் முடிந்தபின் கேட்டாள்: "அக்கா, காலரா வந்தவங்க யாராவது பேரம் பேசியா வாங்கினாங்க? அது யாருக்கு வேணாலும் வந்திருக்கும்ல? அப்போ பகடைதானே உண்மை?" எனக்குப் பதில் வரவில்லை. அவள் சொன்னது சரி. தவுங்கப் பாதையில் காலராவுக்கு விழுந்தவர்கள் தப்பான முடிவு எடுத்ததால் விழவில்லை. எல்லாவற்றுக்கும் விலை, எல்லாம் உன் முடிவு என்று ஒரு விளையாட்டு சொன்னால், செத்தவர்கள் விலை கொடுக்கத் தெரியாதவர்கள் என்று ஆகிவிடும். என் பாட்டிக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல என்னால் முடியாது. அதே சமயம், ஒரு பிள்ளையின் கையில் பகடையைக் கொடுத்து "உன் தங்கச்சி பிழைச்சாளான்னு உருட்டிப் பாரு" என்று சொல்லவும் மனம் வரவில்லை.

இரண்டு வாரம் யோசித்து இப்படிச் செய்தேன். பெரிய துயரங்கள் விலைக்குள் வராது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே மேஸ்திரி மூன்று சீட்டு எழுத வேண்டும்: எந்த ஊரில் நோய், எந்த ஊரில் வழி அடைப்பு, எந்த ஊரில் எதிர்பாராத உதவி. பிள்ளைகள் யார், என்ன வேடம் என்று தாள் எழுதுவதற்கு முன்பே எழுதி, மடித்து, எல்லோர் கண் முன்னாலும் விளக்கின் அடியில் வைத்துவிட வேண்டும். அந்த ஊர் வந்ததும் சீட்டைத் திறந்து படிக்கலாம். நோய் வந்தால் யாருடைய பாத்திரத்துக்கும் நேரடியாக வராது. கூட நடந்துவரும் கூட்டத்தில் ஒருவருக்கு வரும். அவரை என்ன செய்வது, யார் தூக்குவது, எவ்வளவு நாள் நிற்பது என்பதுதான் பிள்ளைகளின் முடிவு. துயரம் குருட்டுத்தனமாக வருகிறது, அதைச் சுமப்பதில் மட்டும்தான் அவர்கள் கை இருக்கிறது. அந்த மாணவி இதற்கு ஒத்துக்கொண்டாள். கொஞ்சம் முறைப்புடன்தான்.

இந்தச் சீட்டில் ஒரு நல்ல சங்கதியும் கிடைத்தது. "நீங்க இப்பதான் மாத்தினீங்க" என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதியது எல்லாவற்றுக்கும் முன்னால், இருந்தது எல்லோர் கண் முன்னால். பழியை வாங்கிக்கொள்ள ஒரு மடித்த காகிதம் போதுமானதாக இருந்தது.

தமிழ் வகுப்பு என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் பேசினால் ஒரு கொட்டை என்று விதி வைக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது, வைத்தேன், நாசமாகப் போனது. ரேஷன் மாதிரி ஆளுக்கு ஒரு தமிழ் வாக்கியம் சொல்லிக் கொட்டையை வாங்கிக்கொண்டு, மீதியெல்லாம் பர்மிய மொழியில் பேசிக்கொண்டார்கள். அதை எடுத்துவிட்டு, கதையில் ஒரு பாட்டியைச் சேர்த்தேன். பாட்டிக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது, காதும் மந்தம், மூட்டையில் மொத்தக் கூட்டத்தின் அரிசியும் அவளிடம்தான். அரிசி வேண்டுமென்றால் பாட்டியிடம் பேசித்தான் ஆக வேண்டும். நான் பாட்டியாகவே உட்கார்ந்துகொண்டு "என்னடா சொல்றே, சத்தமா சொல்லு" என்பேன். வீட்டில் தாத்தா பாட்டியிடம் பேசும் தமிழ் அப்படியே வந்தது. இலக்கணத்தைத் திருத்த நினைக்காதீர்கள், அது வேறொரு நாள் வகுப்புக்கு. பர்மிய மொழி தெரிந்த பையனின் தொழிலும் இங்கே நன்றாக வேலை செய்யும்: சோதனைச்சாவடியில் அவன்தான் எல்லோருக்கும் மொழிபெயர்க்க வேண்டும், மேசையில் உண்மையாகவே.

உங்கள் எட்டுப் பேரை ஒரே மேசையில் வைக்காதீர்கள். நான்கு பேருக்கு மேல் போனால் ஒருவரின் பேரம் முடிவதற்குள் மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள். இரண்டு மேசையாகப் பிரித்து, மூத்த பிள்ளை ஒருவரை இரண்டாவது மேசைக்கு மேஸ்திரியாக்குங்கள். முதல் வாரம் அந்தப் பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விலை சொல்லப் பழகட்டும். பத்து, பதினொன்று வயதுக்காரர்களுக்கு 1942 கனமாக இருக்கும் என்று தோன்றினால் களத்தை மாற்றிவிடுங்கள். உங்கள் கண்ணுக்கு எதிரிலேயே பிலு தீவு இருக்கிறது, பெயரிலேயே பூதம். தீவுக்குப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை, தேடிப் போகிறோம் என்று தொடங்கினால் போதும். விதிகள் அப்படியே இருக்கட்டும். சிலேட்டில் மழைக்குப் பதில் பூதம் விழிக்கும் நேரம். பூதத்திடம் பேரம் பேச எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை இருக்காது?

நேரக் கணக்கு: தாள் எழுத இருபது நிமிடம், நான்கு ஊர், ஊருக்குப் பதினைந்து நிமிடம், கடைசிப் பத்து நிமிடம் மூட்டையைத் திறந்து யாரிடம் என்ன மிச்சம் என்று படிப்பதற்கு. அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள். முதல் ஆட்டத்தில் ஒரு பையன் மூட்டையில் மிஞ்சியது பூட்டில்லாத ஒரு சாவி மட்டும். அது எந்த வீட்டுச் சாவி என்று அவன் சொல்லத் தொடங்கியபோது, கூட்டிப்போக வந்த அவன் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

விதியை எத்தனை பக்கத்தில் எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் எதையாவது வெட்டுங்கள். கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், பிள்ளைகளே அதைக் காட்டி உங்களை மடக்கட்டும்.

கொட்டை பற்றி ஒரு வார்த்தை. எட்டுப் பேரும் ஆடினாலும் இரண்டு மேசைக்கு எழுபத்தாறு போதும், உடைவதற்கும் தொலைவதற்கும் சேர்த்து நூறாக வைத்துக்கொள்ளுங்கள். கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்தால்தான் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காது. உங்கள் ஊர் மழைக்கு இரண்டு நாள் வெயில் போதாது. யாராவது அழகாக இருக்கிறதே என்று சோழி கொண்டுவந்து கொடுத்தால் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள், மேசைக்குக் கொண்டுவராதீர்கள். சோழி கையில் கிடைத்த அடுத்த நிமிடம் பிள்ளைகள் குலுக்கிப் போட்டுத் தாயம் ஆடத் தொடங்கிவிடுவார்கள், பெரியவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.